மழை ஓடிப்போகும் முன்: டூசானில் ஒரு வறண்ட ஓடையை மீட்பது எப்படி

அரிசோனாவின் டூசான் நகருக்குப் புதிதாக வந்தவர்களைச் சாண்டா குரூஸ் ஆற்றுப் பாலத்துக்கு அழைத்துப் போனால், கீழே எட்டிப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். பெயர்ப்பலகை இருக்கும், பாலம் இருக்கும், இரண்டு பக்கமும் சிமெண்ட் கலந்து இறுக்கிய உயரமான கரை இருக்கும். பெரும்பாலான இடங்களில் ஆறு மட்டும் இருக்காது. வெறும் மணல். வைகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் பெரிய அதிர்ச்சி இல்லை. ஜூலையில் ஒரு மாலை அதே மணலில் பழுப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு ஓடி, மறுநாள் காலையில் ஈரத்தடம் மட்டும் மிச்சமிருப்பதைப் பார்த்தால்தான் இந்த ஊரின் சிக்கல் புரியும். தண்ணீர் வராமல் இல்லை. வந்தது தங்குவதில்லை.

டூசானில் ஆண்டு மழை 280 முதல் 300 மி.மீ. வரை. சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதில் பாதி ஜூலை முதல் செப்டம்பர் வரையான கோடைப் பருவமழையில், அரை மணி நேரக் கொட்டல்களாக வந்துவிடும். இங்கேயும் அதை 'மான்சூன்' என்றுதான் சொல்கிறார்கள். மீதி குளிர்காலத்தில் நசநசவென்று தூறும். கூரை, தார்ச்சாலை, வாகன நிறுத்தம் என்று நிலத்தை மூடிய பிறகு, கொட்டுகிற மழை மண்ணைத் தொடாமலே ஓடைக்குப் போகிறது. ஓடை வேகமெடுத்துத் தன் படுகையையே அரித்துக் கீழே இறங்குகிறது. படுகை இறங்கினால் கரையோர மரங்களின் வேருக்குத் தண்ணீர் எட்டாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிதமிஞ்சிய கால்நடை மேய்ச்சலும் 1890இன் வெள்ளமும் சாண்டா குரூஸை ஆழமாக வெட்டின. 20ஆம் நூற்றாண்டின் ஆழ்துளைக் கிணறுகள் அடிநீரை உறிஞ்சி மீதியை முடித்தன. 1983 அக்டோபர் பெருவெள்ளத்துக்குப் பிறகு கரைகளை இறுக்கிக் கட்டினார்கள். கரை பிழைத்தது, ஆறு வாய்க்காலாகிவிட்டது.

நான் பொறியாளர் இல்லை. நகரத்துக்கு வெளியே ஒரு நண்பரின் இரண்டு ஏக்கர் நிலத்தில், அதன் நடுவே போகிற சின்ன ஓடையில், கல் சுமந்து கற்றுக்கொண்டவன். கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களுக்கும், தெருவோர மண்ணில் ஏதாவது செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை தன்னார்வலர்களோடு மண்வெட்டி எடுக்க வருபவர்களுக்கும் இது உதவும்.

முதலில்: எந்த ஈரத்தைத் திருப்பிக் கொண்டுவரப் போகிறீர்கள்?

இந்தப் பாலைவனத்தில் ஈரநிலம் என்றால் மூன்று விதம். ஒன்று, ஆண்டு முழுக்க நீர் ஊறும் சதுப்பு. ஸ்பானிஷ் மொழியில் 'சியெனேகா' என்பார்கள். இரண்டாவது, மேலே மணலாகத் தெரிந்தாலும் மூன்று மீட்டருக்குள் அடிநீர் இருக்கும் ஆற்றங்கரை. காட்டன்வுட், வில்லோ மரங்கள் அங்கேதான் நிற்கும். மூன்றாவது, 'வாஷ்' என்று எல்லோரும் சொல்கிற காட்டாற்று ஓடை. வருடத்தில் சில நாள், சில மணி நேரம்தான் ஓடும். ஆனாலும் அதன் இரு கரையிலும் மரங்கள் பக்கத்து மேட்டில் இருப்பவற்றைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கும்.

உங்கள் நிலத்தில் இருப்பது அநேகமாக மூன்றாவது. குளம் வெட்டும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். இங்கே திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆவியாகிறது. மழையோ 30 சென்டிமீட்டர். குளம் தோற்றுப்போகும். நாம் நிரப்ப வேண்டிய பாத்திரம் மண். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் இந்த வேலையில் வெற்றி. ஏரியும் கண்மாயும் பார்த்துப் பழகிய எனக்கு இது மண்டையில் ஏற ஒரு வருடம் ஆயிற்று.

ஒரு மழைக்காலம் சும்மா பாருங்கள்

கடப்பாரையைத் தொடும் முன் ஒரு பருவமழையாவது நனைந்தபடி நின்று பாருங்கள். பொறுமை இல்லாதவர்கள் தவறு செய்கிற இடம் இது.

மழை தொடங்கும் முன்பே கிரியோசோட் என்ற பாலைவனப் புதரின் வாசனை வரும். ஊரின் மண்வாசனை போல இருக்கும், கொஞ்சம் தார் கலந்த மாதிரி. அப்புறம் ஓடையில் தண்ணீர் வருவதைக் கவனியுங்கள். நான் முதல் தடவை பார்த்தபோது எதிர்பார்த்தது ஓர் அலை. வந்ததோ சருகும் மெஸ்கீட் மரத்தின் காயும் சுள்ளியும் நுரையும் சேர்ந்த ஒரு அழுக்கு உருட்டு, நாம் நடக்கும் வேகத்தில். அதன் முன்விளிம்பை மணல் குடித்துக்கொண்டே இருக்கும். பின்னால் வருவது தள்ளும். சில நிமிடம் தண்ணீருக்கும் மணலுக்கும் இழுபறி. கடைசியில் மணல் தோற்று, ஓடை ஓடத் தொடங்கும். அந்த இழுபறியை எத்தனை நிமிடம் நீட்டிக்கிறோம் என்பதுதான் நம் மொத்த வேலையும்.

பார்க்க வேண்டியவை: தண்ணீர் எங்கே உங்கள் நிலத்துக்குள் நுழைகிறது, எங்கே விரிகிறது, எங்கே ஒடுங்கி வேகமெடுக்கிறது, எங்கே தொங்கலாக விழுகிறது. மழை நின்றபின் மரத்தண்டுகளில் ஒட்டியிருக்கும் சருகுக் கோட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளம் ஏறிய உயரம் அது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும், செயலி எதுவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஓடைக்குள் நின்று பார்க்காதீர்கள், கரைமேட்டில் நில்லுங்கள். நகருக்கு வடக்கே இருக்கும் கட்டலினா மலையில் பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். காரிலும் அப்படித்தான்: தடுப்பு வைத்த சாலையில் நீரைக் கடக்க முயன்று மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை உங்களிடமே வாங்க 1995 முதல் சட்டம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்' என்றே கூப்பிடுகிறார்கள்.

கணக்கு

நல்லவேளை, மெட்ரிக் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 150 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் 3,750 லிட்டர். பத்து சதவீதம் தெறிப்பிலும் நனைவிலும் போனால்கூட 3,400 லிட்டர் கீழே வரும். அரை மணி நேரத்தில்! மூன்றுக்கு நான்கு மீட்டர், 20 செ.மீ. ஆழப் பாத்தி ஒன்று 2,400 லிட்டர் பிடிக்கும். ஆக அந்தக் கூரைக்கு அப்படி ஒன்றரைப் பாத்தி வேண்டும். நான் இரண்டாக வெட்டுவேன். வண்டல் படிந்து கொள்ளளவு குறையும்.

மண் எவ்வளவு குடிக்கும் என்பதையும் சோதியுங்கள். முப்பது செ.மீ. குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று பாருங்கள். தோண்டும்போது 'டங்' என்று வெள்ளைப் பாறை தட்டுப்படும். 'கலீச்சி' என்கிறார்கள். நம்மூரில் கிணறு வெட்டுகிறவர்கள் சுக்கான்பாறை என்பார்களே, கிட்டத்தட்ட அதே சமாசாரம், சுண்ணாம்பு இறுகிய அடுக்கு. அதில் தண்ணீர் இறங்காது. மெல்லிய அடுக்கு என்றால் கடப்பாரையால் உடைத்துவிடலாம். கெட்டியாக இருந்தால் இடத்தை மாற்றுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள்.

தோண்டும் முன் கேட்க வேண்டியவர்கள்

811க்கு அழைத்தால் நிலத்தடிக் குழாய், மின்கம்பி எங்கே போகிறது என்று வந்து வண்ணம் அடித்துக் காட்டுவார்கள். இலவசம். ஓடை சற்றுப் பெரியது என்றால் பீமா மாவட்ட வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி வேண்டும். சில ஓடைகளில் கல் போடுவதற்கே கூட்டரசின் ராணுவப் பொறியாளர் பிரிவைக் கேட்க வேண்டிவரும். எது எந்த வகை என்பதை நீங்களே முடிவு செய்யாமல் மாவட்ட அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டிக் கேளுங்கள். கூரைத் தண்ணீரைச் சொந்தத் தோட்டத்துப் பாத்திக்குள் விடுவதற்கு இவ்வளவு தொல்லை கிடையாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. இந்த ஆற்றுப் படுகையில் 3,000 ஆண்டுக்கும் மேற்பட்ட பாசன வாய்க்கால்களைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். மண்வெட்டியில் பானை ஓடு சிக்குவது அதிசயமே இல்லை. மனித எலும்பு தென்பட்டால் வேலையை அப்படியே நிறுத்தித் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான டொஹோனோ ஓதாம் மக்களின் முன்னோர் இங்கே பயிர் செய்தவர்கள். ஓடை வாய் விரியும் இடத்தில் வெள்ளத்தை வயலில் பரவவிட்டுப் பயிர் செய்யும் முறை அவர்களுடையது. நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

கல் வேலை: மேலிருந்து கீழே

வெள்ளத்தைக் கீழே, அது கோபமாக வந்து சேர்ந்த இடத்தில் தடுக்கப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அங்கே அது உங்களைவிடப் பலசாலி. நிலத்தின் மிக உயரமான மூலைக்குப் போங்கள். விரல் அகல ஓடைக்கீற்று தொடங்கும் இடத்தில் ஆரம்பியுங்கள்.

அங்கே கட்ட வேண்டியதற்கு 'ஒற்றைக்கல் அணை' என்று பெயர். ஓய்வுபெற்ற வனத்துறை அலுவலர் பில் ஸீடிக் தென்மேற்கு மாநிலங்கள் முழுக்கப் பரப்பிய முறை. பெயரிலேயே விதி இருக்கிறது: உயரம் ஒரே கல். கல்மேல் கல் கிடையாது. அகலம்தான் பல வரிசை.

செய்முறை இப்படி. ஓடைக்குக் குறுக்கே, கீழ்ப்பக்க விளிம்பில் ஒரு ஆழமில்லாத பள்ளம் தோண்டி, முதல் வரிசைக் கற்களை அதன் தலை ஓடைத் தரைமட்டத்துக்குச் சமமாக இருக்கும்படி பதியுங்கள். மேலிருந்து வழிகிற தண்ணீர் விழுந்து அரிக்காமல் வாங்கிக்கொள்ளும் படி அது. அதற்கு மேற்புறம் நான்கைந்து வரிசை, தலையளவுக் கற்கள். தட்டையான பக்கம் கீழே போகாமல், நீளவாட்டில் நெருக்கி நிறுத்தி, ஒன்றோடொன்று இறுகும்படி. ஒரு கல்லைக் காலால் மிதித்து ஆட்டுங்கள். ஆடினால் எடுத்து வேறு கல் போடுங்கள். இரு ஓரமும் கரைமேல் கொஞ்சம் ஏற வேண்டும், நடுப்பகுதி தாழ்ந்திருக்க வேண்டும். பொங்கல் பானைக்கு அடுப்புக் கல் தேடியவர்களுக்கு இந்தக் கை தானாக வரும். மொத்த உயரம், ஓடை நிரம்பி ஓடும் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

நான் இந்த விதியைப் படித்துவிட்டுத்தான் மீறினேன். நண்பரின் ஓடையில் முதல் முறை, முழங்கால் உயரத்துக்கு அழகாக அடுக்கினேன். படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். "கல்லணையா கட்டுற?" என்று அப்பா கேட்டார். ஆகஸ்டில் வந்த இரண்டாவது வெள்ளம் என் கல்லணையை ஒரு கல்கூட நகர்த்தவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. இடது கரையில் ஒன்றரை மீட்டர் வெட்டி, ஒரு இளம் பாலோவெர்டி மரத்தையும் வேரோடு சாய்த்திருந்தது. உயரமான தடுப்பு நீரை நிறுத்தாது, திருப்பிவிடும் என்பதை அந்த மரம் விழுந்துதான் தெரிந்துகொண்டேன். மறு வாரம் அதே கற்களைப் பிரித்து நான்கு ஒற்றைக்கல் அணை போட்டோம். இரண்டாம் ஆண்டு முடிவில் நான்கும் வண்டலில் மூழ்கி, மேலே புல் முளைத்திருந்தது. அப்படி மூழ்கிய பிறகு, தேவை என்றால், சேர்ந்த வண்டலின் மேல் சற்று மேற்புறமாக அடுத்த அடுக்கைப் போடலாம்.

ஓடையில் சில இடத்தில் படிபோலத் தொங்கல் இருக்கும். தண்ணீர் விழ விழ அந்தப் படி மேல்நோக்கி நகரும். ஒவ்வொரு மழைக்கும் ஒரு முழம், இரண்டு முழம். அரிப்பிலேயே மோசமானது இது, 1890இல் சாண்டா குரூஸைத் தின்றதும் இதே வகைதான். இதற்கு, ஜூனி என்ற பூர்வகுடி மக்களின் பெயரால் வழங்கும் 'ஜூனிக் கிண்ணம்': தொங்கலின் முகத்தைக் கல்லால் பொதிந்து, விழும் இடத்தில் கிண்ணம்போலக் கற்களைப் பதித்து, சற்றுக் கீழே ஒரு ஒற்றைக்கல் அணை. விழுகிற நீர் கிண்ணத்தில் சுழன்று வேகம் இழக்கும். தொங்கல் இடுப்பளவுக்கு மேல் என்றால் அனுபவமுள்ளவரைக் கூப்பிடுங்கள்.

இதே தத்துவத்தைப் பெரிய அளவில் பார்க்க நெவாடா போக வேண்டும். லாஸ் வேகஸ் வாஷ் என்ற ஓடை அந்த நகரின் சாலை நீரையும் சுத்திகரித்த கழிவுநீரையும் மழை வெள்ளத்தையும் சுமந்துகொண்டு மீட் ஏரியில் சேர்கிறது. ஊர் பெருகப் பெருகத் தண்ணீர் கூடி, 1970களில் சுமார் 2,000 ஏக்கராக இருந்த ஈரநிலம் 1990களின் கடைசியில் ஏறத்தாழ 200 ஏக்கராகச் சுருங்கியது. வறட்சியால் இல்லை, தண்ணீர் மிகுந்து படுகையை அறுத்ததால். 1998இல் ஒருங்கிணைப்புக் குழு அமைத்து, வரிசையாக 21 தாழ்வான தடுப்பணைகள் கட்டி, நாட்டு மரஞ்செடிகளை நட்டார்கள். நம்மூர்க் கலிங்கு மாதிரி, நீர் வழிந்து போகிற அணைகள். ஒரே பெரிய அணைக்குப் பதில் பல சின்ன படிகள். நண்பரின் ஓடையில் நாங்கள் செய்ததும் அதுதான், அளவு வேறு.

பாத்தியும் சாலையோரமும்

வீட்டைச் சுற்றிய பாத்திகள் சுவரிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருக்கட்டும். அடித்தளம் நனையக் கூடாது. பாத்தியின் தரை சமமட்டமாக இருக்க வேண்டும். இதற்கு கொத்தனார் வைத்திருக்கும் கண்ணாடி டியூப் போதும், இரண்டு முனையிலும் நீர்மட்டம் பார்த்துவிடலாம். நிரம்பினால் எந்த வழியே வெளியேறும் என்பதை நீங்களே தீர்மானித்து அந்த வாயைக் கல்லால் பலப்படுத்துங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் தீர்மானிக்கும்.

தெருவோரத்தில் வேலை செய்பவர்கள் சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே இருக்கும் சிமெண்ட் கட்டையில் ஒரு வாய் வெட்டி, சாலை நீரை மரப்பாத்திக்குள் விடுகிறார்கள். 1990களில், மழைநீர்ச் சேகரிப்பை இந்த ஊரில் பரப்பிய பிராட் லங்காஸ்டர் தன் வீட்டு முன் இதை அனுமதி இல்லாமல் செய்தார். பிறகு நகராட்சியே அதற்கு விதி எழுதி அனுமதித்தது. 2008இல் ஒருபடி மேலே போய், புதிய வணிக வளாகங்களின் தோட்டத் தண்ணீரில் பாதி மழைநீராக இருக்க வேண்டும் என்று நகரம் சட்டம் போட்டது. 2010இல் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் அவரைப் போல அனுமதி இல்லாமல் ரம்பம் தூக்க வேண்டியதில்லை, விண்ணப்பம் போட்டால் போதும்.

சாலை நீர் நுழையும் இடத்தில் ஒரு சிறு வண்டல் குழி வையுங்கள். மணலும் சிகரெட் துண்டும் பிளாஸ்டிக்கும் அங்கேயே தங்கும். அள்ளி எடுப்பது சுலபம். பாத்திக்குள் மரத்தூள் மூடாக்குப் போடலாம். ஆனால் தண்ணீர் ஓடிக் கடக்கும் வழியில் போட்டால் முதல் மழையிலேயே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அங்கே கூழாங்கல்.

களை: ஊரில் நல்லவன், இங்கே வில்லன்

டூசான் மலைச்சரிவிலும் ஓடைக்கரையிலும் தன்னார்வலர்கள் வாரந்தோறும் கடப்பாரையோடு போய்ப் பிடுங்குகிற புல் ஒன்று இருக்கிறது. பஃபல் புல். முதல் நாள் அதன் கதிரைக் கையில் வாங்கி உருவிப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் கொழுக்கட்டைப்புல்! காங்கேயம் பக்கம் கொறங்காடுகளில், கிளுவை வேலிக்குள், வெள்வேல மர நிழலில் மாடு மேய வளர்ப்பார்களே, அதே புல். வறட்சி தாங்கும், மாட்டுக்கு நல்லது, மண்ணைப் பிடிக்கும். அந்தக் குணங்களைப் பார்த்துத்தான் 1930களில் இங்கேயும் கொண்டுவந்தார்கள்.

ஊரில் அதை மாடு கடிக்கிறது, வேலி அடைக்கிறது. இங்கே மலையில் கேட்பாரில்லாமல் பரவி, காய்ந்து, தீப்பிடித்தால் நெருப்பைப் புல்வெளியில் ஓடுவது போல ஓடவிடுகிறது. சகுவாரோ கள்ளி தீயோடு பழகிய செடி இல்லை, கருகிவிடும். ஆகவே தயக்கம் வேண்டாம், பிடுங்குங்கள். தூரின் அடியில் கடப்பாரையை விட்டு நெம்பி, வேர்க்கட்டையோடு எடுக்க வேண்டும். தலையை மட்டும் அறுத்தால் சந்தோஷமாகத் துளிர்க்கும். கதிர் பழுத்திருந்தால் முதலில் அதைப் பையில் போட்டுக் கட்டுங்கள்.

அடுத்தது பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல். 'பெர்முடா புல்' என்ற பெயரில் ஈரமான கரைகளை எல்லாம் மூடிக்கொண்டு நாற்றுகளை நெருக்குகிறது. டாமரிஸ்க் என்ற உப்புமரமும் ஆற்றங்கரைகளில் அதிகம். அதை வெட்டினால் போதாது, தூரையும் எடுக்க வேண்டும். ஆனால் பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் கை வைக்காதீர்கள். மொத்தமாக ஒரே வருடத்தில் மொட்டையடிக்கவும் வேண்டாம். நாட்டு மரம் வளரும் அளவுக்குப் பகுதி பகுதியாக.

இப்போது எதிர்ப்பக்கம். ஊரில் எந்தக் கண்மாயைப் பார்த்தாலும் நாம் சபிக்கிற சீமைக் கருவேலத்தின் ஒன்றுவிட்ட சகோதரன்தான் இங்கே மெஸ்கீட். இந்த மண்ணின் மரம் அது. நிழலில் மற்ற நாற்றுகளை வளர்க்கும், காயை அரைத்த மாவு இனிக்கும், ஓதாம் மக்களின் பழைய உணவு. நகருக்குத் தெற்கே சான் சேவியர் பகுதியில் இருந்த பெரிய மெஸ்கீட் காடு, விறகுக்கு வெட்டியதாலும் அடிநீர் இறங்கியதாலும் 20ஆம் நூற்றாண்டில் செத்துப்போனது. மெஸ்கீட் கன்றை முதன்முதலில் என் கையால் நட்டபோது, ஊர்க்காரர் யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன்.

நடவு

எதை எங்கே என்பதைத் தண்ணீரின் ஆழம் சொல்லும். பாத்தியின் அடியில், சில மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும் டீர்கிராஸ், சக்கட்டோன் போன்ற நாட்டுப் புற்கள். சரிவில் மெஸ்கீட், நீலப் பாலோவெர்டி, டெசர்ட் வில்லோ. பெயரில் வில்லோ இருந்தாலும் அது வில்லோ இனமில்லை. மேட்டில் கள்ளியும் கிரியோசோட்டும். கள்ளியைப் பாத்திக்குள் நட்டால் அழுகிவிடும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை நடுவது நல்லது. முதல் இரண்டு வருடம் கோடையில் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். பாலைச் செடிதானே என்று விட்டுவிட்டால் ஜூன் மாதம் பதில் சொல்லும்.

காட்டன்வுட்டும் வில்லோவும் உங்கள் ஓடைக்குச் சரிவருமா என்று முதலில் அடிநீர் ஆழத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மீட்டருக்குக் கீழே போயிருந்தால் நடாதீர்கள். சில ஆண்டு தளதளவென்று நின்றுவிட்டு நுனியிலிருந்து காயும். நீர் அருகில் இருந்தால் போத்து நடவு: ஜனவரி, பிப்ரவரியில் இலையற்றிருக்கும்போது நீளமான கிளைகளை வெட்டி, அடிமுனை ஈர மண்ணைத் தொடும் வரை ஆழத் துளையிட்டு இறக்கி, இடைவெளி விடாமல் மண் நிரப்பி நனைக்க வேண்டும். முருங்கைப் போத்து நட்டவர்களுக்குப் பழகிய வேலை. ஆழம்தான் அதிகம்.

கொசுவும் தவளையும்

அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி கொசு. மழை நின்ற 24 மணி நேரத்துக்குள் பாத்தி வடிந்துவிட வேண்டும். கொசுப்புழு வளர அதற்கு மேல் சில நாள் தேவை. வடியவில்லை என்றால் பாத்தியின் ஆழத்தைக் குறையுங்கள், அடியைக் கொத்திவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு டூசானிலும் உண்டு. அது பெரும்பாலும் பாத்தியில் இல்லை, உங்கள் பூந்தொட்டித் தட்டில் இருக்கும்.

நிரந்தரமாக நீர் நிற்கும் ஈரநிலம் என்றால் பராமரிப்பு வேறு ரகம். சுத்திகரித்த கழிவுநீரால் 1996இல் உருவாக்கிய ஸ்வீட்வாட்டர் ஈரநிலத்தில் சம்பங்கோரை அடர்ந்தால் கொசுவுக்குக் கொண்டாட்டம். அதனால் அவ்வப்போது கோரையைத் தீவைத்தே கட்டுப்படுத்துகிறார்கள். புழுவைக் கொல்லும் ஒருவகை நுண்ணுயிரியையும் தெளிக்கிறார்கள். புதியவர்கள் ஒரு காலைப்பொழுது அங்கே போய்ப் பறவை பார்த்துவிட்டு வரலாம். மழைநீர்த் தேக்கத்தை வாழிடமாக மாற்றியதைப் பார்க்க கீனோ விளையாட்டு வளாகத்துக்குப் பக்கத்துப் படுகை. வெள்ளம் தேக்க மட்டும் 1960களில் தோண்டிய அந்தக் குழிதான் இன்று வாத்தும் நாரையும் வரும் இடம், அங்கே சேரும் நீரே மைதானத்துப் புல்லுக்கும் போகிறது. 2019 ஜூன் 24 அன்று நகரின் நடுவே சாண்டா குரூஸில் மறுசுழற்சி நீரைத் திறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு, அழியும் நிலையில் இருந்த கிலா டாப்மின்னோ என்ற சுண்டுவிரல் மீனை அங்கே விட்டார்கள். கொசுப்புழுவைத் தின்னும் மீன் அது.

எங்கள் பாத்தியில் மீன் கிடையாது. ஸ்பேட்ஃபுட் தேரை உண்டு. வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் உறங்கிவிட்டு, முதல் இடிமழைச் சத்தத்தில் மேலே வரும். அன்று இரவு ஓடைக்கரையில் யாரோ ஆட்டுக்கிடை போட்டது போல 'மேஏஏ' என்று கத்தல். முட்டை பொரிந்து, கால் முளைத்து, வால் போய் வெளியேற வெயில் காலத்தில் எட்டு, ஒன்பது நாள் போதும். பாத்தி ஒரு நாளில் வடிந்துவிடும் என்பதால் தலைப்பிரட்டைகள் ஓடையின் இயற்கைக் குழிகளில்தான் பிழைக்கும். அந்தக் குழிகளில் கை வைக்காதீர்கள், கல் போட்டு நிரப்பவும் வேண்டாம்.

வருடக் கணக்கு

பெரிய மழை ஒவ்வொன்றுக்கும் மறுநாள் ஓடை நெடுக ஒரு நடை. நகர்ந்த கல்லைத் திருப்பி வைக்க, அடைத்த குப்பையை எடுக்க. மழைக்கு இரண்டு வாரம் கழித்துக் களை, கொழுக்கட்டைப்புல் அப்போது பச்சையாகத் தனித்துத் தெரியும். குளிர்காலத்தில் கிளை கழிப்பு. வண்டல் குழியை அள்ளுவது ஜூனில், சகுவாரோப் பழம் சிவக்கும்போது. ஓதாம் மக்களுக்குப் பழ அறுவடைதான் ஆண்டுப் பிறப்பு, மழையை அழைக்கும் காலம். மலையின் பக்கம் மாலை நேரத்தில் வெள்ளை மேகம் குவியத் தொடங்கிவிட்டால் உங்களுக்கு மிச்சம் இரண்டு, மூன்று வாரம்தான். அதிகாலை ஐந்து மணிக்கு மண்வெட்டியோடு இறங்கிவிடுங்கள், எட்டு மணிக்கு மேல் வெயில் நிற்கவிடாது. கல்லைப் புரட்டும் முன் காலால் தட்டுங்கள். அடியில் பாம்போ தேளோ இருக்கலாம்.